கையெழுத்து உங்களுடையது

பாப்பாரப்பட்டிப் பக்கம் பெங்களூரில் பிழைக்கிற பிள்ளைகள் இல்லாத தெரு குறைவு. அதனால் 2022 நவம்பரில் அந்த நகரில் வெடித்த விவகாரம் நமக்கும் சம்பந்தப்பட்டதுதான்.

சிலுமே என்றொரு தொண்டு நிறுவனம். வாக்காளர் விழிப்புணர்வுப் பணியை இலவசமாகச் செய்து தருவதாகச் சொல்லி மாநகராட்சியிடம் அனுமதி வாங்கியது. அதன் ஆட்கள் வாக்குச்சாவடி நிலை அலுவலர், அதாவது பி.எல்.ஓ., என்ற அடையாள அட்டையோடு வீடு வீடாகப் போய் விவரம் திரட்டினார்கள் என்பது குற்றச்சாட்டு. நிறுவனர் கைதானார். இரண்டு ஐ.ஏ.எஸ். அதிகாரிகள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். சிவாஜிநகர், சிக்பேட்டை, மகாதேவபுரா தொகுதிகளின் பட்டியலை மறுபடி சரிபார்க்கத் தேர்தல் ஆணையம் உத்தரவிட்டது. வாசலில் நின்ற பையனோடு நிற்காமல், அனுமதி கொடுத்த நாற்காலி வரை கேள்வி போனதே, அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

வெளிநாட்டிலும் இப்படி நடந்ததுண்டு. அமெரிக்காவில் ஏழை மக்களிடையே வேலை செய்த ஏகார்ன் அமைப்பின் கூலி ஆட்கள், 2006இல் சியாட்டில் நூலகத்தில் உட்கார்ந்து இல்லாத ஆட்களின் பெயரில் வாக்காளர் பதிவுப் படிவம் நிரப்பினார்கள். கள்ள ஓட்டுக்காக அல்ல. வேலை செய்யாமலே சம்பளம் வாங்க. நெவாடாவிலோ, ஒரு ஷிப்டில் 21 பேரைச் சேர்த்தால் 5 டாலர் கூடுதல் என்றார்கள். அங்கே அது குற்றம். 2011இல் அந்த அமைப்புக்கே 5,000 டாலர் அபராதம் விழுந்தது. தலைக்கு இவ்வளவு என்று பேசினால் தலைகள் தானாக முளைக்கத்தானே செய்யும்?

நம் சட்டம் என்ன சொல்கிறது? 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 31ஆவது பிரிவுப்படி, பொய் உறுதிமொழி கொடுத்தவருக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். 32ஆவது பிரிவு கடமை தவறிய அலுவலரைப் பிடிக்கிறது. நடுவில் நின்று படிவம் சேர்த்த சங்கத்துக்கென்று தனிப் பிரிவு இல்லை. பொதுக் குற்றவியல் சட்டத்துக்குத்தான் போகவேண்டும். இது பெரிய ஓட்டை என்பேன்.

ஓசூரிலோ பெங்களூரிலோ தங்கியிருக்கும் பையனிடம் யாரோ புதிதாகப் பெயர் சேர்க்கும் படிவம் 6ஐ நீட்டுகிறார்கள். ஊரில் அவன் பெயர் ஏற்கெனவே இருக்கிறது. படிவத்தின் கடைசியில், வேறெங்கும் பெயர் இல்லை என்ற உறுதிமொழி. படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிடுகிறான். நாளைக்கு நோட்டீஸ் அவன் பெயருக்குத்தான் வரும், நீட்டியவருக்கு அல்ல. இடம் மாறியவருக்கு உரியது படிவம் 8. அதைச் சொல்லியிருக்க வேண்டியவர் படிவத்தை நீட்டியவர்தான்.

நம் ஊர் இளைஞர் மன்றங்களுக்கும் மகளிர் குழுக்களுக்கும் ஒரு வேண்டுகோள். உதவுங்கள், ஆனால் கணக்கு வைத்து ஆள் சேர்க்காதீர்கள். யார் படிவத்தை யார் நிரப்பினார் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கட்டாகக் கொண்டுபோய்க் கொடுக்காமல், அவரவரையே கொடுக்கச் சொல்லுங்கள். வீட்டில் இருப்பவர்களே, வந்தவர் பி.எல்.ஓ.தானா என்று சந்தேகம் வந்தால் 1950 என்ற எண்ணுக்குப் பேசிவிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.