வண்டி எந்த வருஷம்?



சிதம்பரத்தில் முகூர்த்த நாளுக்கு முந்தின மாலை தேர் வீதிப் பக்கம் போகிறவர் ஒரு மாப்பிள்ளை அழைப்பையாவது பார்க்காமல் திரும்ப மாட்டார். அதில் பழைய அம்பாசடர் வருவதுதான் இப்போது மவுசு. கிரீமும் மெரூனுமாக இரட்டை வண்ணம், அலாய் சக்கரம், கண்ணைக் குத்தும் எல்இடி முகவிளக்கு, பானட்டின் உச்சியில் எங்கேயோ வாங்கி ஒட்டிய சிங்கம். போதாததற்கு ரப்பர் பந்து வைத்த பித்தளை ஹாரன். "வின்டேஜ் கார்" என்று கூட்டம் படம் பிடிக்கிறது. வண்டியோ 1979-க்குப் பிறகு வந்த மார்க் 4. அம்பாசடர் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த முதல் நாளிலேயே மின்சார ஹாரனோடுதான் வந்தது. பந்து ஹாரனுக்கு அங்கே என்ன வேலை?

பழைய காருக்கு ஒரு பொருளை வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: வண்டி எந்த வருஷம்? பொருள் அழகா, விலை மலிவா என்பதெல்லாம் அதற்கு அப்புறம். 1957-ல் தொடங்கி 2014 வரை உத்தர்பாரா தொழிற்சாலையிலிருந்து அம்பாசடர் வந்துகொண்டே இருந்தது. வெளிக்கோடு ஏறக்குறைய மாறவில்லை என்பதால் எல்லாம் ஒரே வண்டி என்று நினைக்கிறார்கள். முகப்புக் கிரில் மாறியது, டேஷ்போர்டு மாறியது, விளக்குகள் மாறின. மார்க் 2-வின் கிரிலை மார்க் 3-ல் வைத்தால், தெரிந்தவர் கண்ணில் பத்தடி தூரத்திலேயே படும்.

கடலூர்க்காரர்களுக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையில் 1961 முதல் தயாரான கார். இத்தாலிய வடிவமைப்பாளர் மிக்கெலோட்டி வரைந்த வடிவம். மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கம் முழுவதும் முன்னோக்கித் திறக்கும். இதன் இங்கிலாந்து அண்ணன் பெயர் டிரையம்ப் ஹெரால்டு. அங்கே உதிரி பாகம் இன்றும் கிடைக்கிறது. அங்கிருந்து வரவழைத்த ஆசையில் நம் ஊர் வண்டியின் நெற்றியில் "டிரையம்ப்" என்ற எழுத்தைப் பதித்துவிடுகிறார்கள். நான்கு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டுமே தயாரான வண்டி. அதன் மேல் டிரையம்ப் பெயரைக் கண்டால் இந்த உரையாளருக்கு ரத்தம் கொதிக்கும். எழுத்து கிடைக்காவிட்டால் அந்த இடம் காலியாக இருக்கட்டும். தவறான பொருளைவிடக் காலி இடம் மேல்.

இனி விஷயத்துக்கு வரலாம். உரையாளரின் பலவீனம் கார் ரேடியோ. வானொலியில் உட்கார்ந்துகொண்டு வேறு எதைப் பேசுவது?

1930-ல் அமெரிக்காவில் மோட்டரோலா என்ற பெயரே கார் ரேடியோவுக்காகத்தான் பிறந்தது. நம் ஊருக்கு அந்த வசதி மெதுவாக வந்தது. காரில் ரேடியோ இருந்தால் அதற்குத் தபால் ஆபீசில் லைசென்ஸ் கட்டிய காலம் ஒன்று உண்டு; 1980-களில்தான் அந்த வழக்கம் ஒழிந்தது. டேஷ்போர்டின் நடுவே இரண்டு திருகுகள், இடையில் நீளக் கண்ணாடி, அதற்குள் நகரும் முள். இடது திருகு ஒலிக்கு, வலது திருகு நிலையத்துக்கு. கடலூர் கடற்கரைச் சாலையில் முள்ளை 720 கிலோஹெர்ட்ஸில் வைத்தால் சென்னை, 936-க்குப் போனால் திருச்சி. அந்தக் காலத்தில் இரவானால் இலங்கை வானொலியும் அலைமேல் வந்து சேரும்.

இந்த ரேடியோவிலும் கேள்வி அதேதான்: வண்டி எந்த வருஷம்? 1950-களின் வண்டிக்கு வால்வு ரேடியோ. உள்ளே வைப்ரேட்டர் என்ற சிறு டப்பா 'ர்ர்' என்று அதிர்ந்து, பேட்டரியின் 12 வோல்ட்டை வால்வுக்கு வேண்டிய உயர் மின்னழுத்தமாக மாற்ற வழிசெய்யும். சுவிட்சைத் திருகினால் உடனே பாடாது, வால்வு சூடாகும்வரை பொறுக்க வேண்டும். 1960-களின் பிற்பகுதி வண்டிக்கு டிரான்சிஸ்டர் ரேடியோ பொருந்தும். பழைய பெட்டியின் வயிற்றைக் கிழித்து புளூடூத் பலகையைச் செருகுவது இன்றைய நாகரிகம். முகத்தை மட்டும் வைத்துக்கொண்டு உயிரை எடுத்துவிடுகிற வேலை அது. வேண்டியவர்கள் செய்துகொள்ளலாம், உரையாளரின் ஆசி கிடையாது.

சிதம்பரத்தில் பழைய ரேடியோ பழுது பார்க்கிற பெரியவர் ஒருவரிடம் உரையாளர் ஒரு செட் வாங்கப் போனார். விலை பேசுமுன் அவர் கேட்டது இது: "சார், உங்க வண்டியில பாடிக்கு எது போகுது, பிளஸ்ஸா மைனஸா?" இந்தக் கேள்வியைக் கேட்காத எலக்ட்ரீஷியனிடம் பழைய வண்டியை விடக்கூடாது. 1960-களின் நடுப்பகுதி வரை பிரிட்டிஷ் வழி வந்த வண்டிகள் பலவற்றில் பேட்டரியின் பிளஸ்தான் எர்த், அதாவது பாடிக்குப் போவது. மைனஸ் எர்த்துக்கான செட்டை அதில் மாட்டினால் முதல் பாட்டுக்கு முன்பே புகை வரும்.

பெட்டி பாடத் தொடங்கியதும் அடுத்த தொல்லை இரைச்சல். எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் 'டிக் டிக்' என்றால் காரணம் ஸ்பார்க் பிளக் பக்கம். டிஸ்ட்ரிப்யூட்டருக்குப் போகும் தடித்த ஒயரில் சப்ரஸர் போட வேண்டும். 'ஊ' என்ற ஊளை என்றால் டைனமோ. அதன் பெரிய டெர்மினலில் ஒரு கண்டென்சர் போதும். சின்ன டெர்மினலில், அதாவது ஃபீல்டில், போடவே கூடாது. மறுபடி சொல்லலாம்: கண்டென்சர் பெரிய டெர்மினலில், ஃபீல்டில் கூடாது. கடைசியாக ஏரியல் டிரிம்மர். 1400 கிலோஹெர்ட்ஸ் பக்கம் மெலிதாகக் கேட்கும் நிலையம் ஒன்றைப் பிடித்து, ஒலி உச்சம் வரும்வரை அந்தச் சிறு திருகாணியைத் திருப்ப வேண்டும். இதைச் செய்யாமல் "பழைய ரேடியோ இழுக்காது" என்று குறை சொல்பவர்களே அதிகம்.

மின்சாரக் கணக்கையும் பார்க்க வேண்டும். அந்தக் கால லூகாஸ் சி40 டைனமோ கொடுக்கும் உச்சம் 22 ஆம்பியர். 45 வாட் பல்பு இரண்டு ஏழரை ஆம்பியர் இழுக்கும். வால்வு ரேடியோவுக்கு மூன்று நான்கு, இக்னிஷன் காயிலுக்கு ஏறக்குறைய அதே அளவு, பின்விளக்குகளும் வைப்பரும் சேர்ந்தாலும் எல்லாம் 22-க்குள் அடங்கும். 100 வாட் ஹாலஜன் மாட்டினால் முகவிளக்கே 17 ஆம்பியரை எடுத்துக்கொள்ளும். மேலும், மெதுவாக ஓடும் எஞ்சினில் டைனமோ சார்ஜ் கொடுக்காது. ஊர்வலத்தில் நடை வேகத்தில் நான்கு வீதி சுற்றிய வண்டியைக் கடைசியில் மாப்பிள்ளையின் நண்பர்கள் தள்ளுவதற்குக் காரணம் இதுதான். எல்இடி குறைவாக இழுக்குமே என்பார்கள். உண்மைதான். ஆனால் பழைய ஏழு அங்குலக் கண்ணாடி, இழை எரியும் ஒரே புள்ளியை வைத்து வடிவமைத்தது. எல்இடி வெளிச்சம் அதில் சிதறி எதிரே வருபவர் கண்ணில்தான் விழும்.

பொருள் எங்கே கிடைக்கும்? சென்னைப் புதுப்பேட்டையும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையும் எல்லாருக்கும் தெரியும். அம்பாசடருக்குக் கல்கத்தா மல்லிக் பஜார். எது சரியான பொருள் என்று கண்ணைப் பழக்கிக்கொள்ளக் கோவை அவிநாசி சாலையில் உள்ள ஜீ.டீ. கார் அருங்காட்சியகம் போதும். லூகாஸ் சாமானைப் பொறுத்தவரை உடலைத் துடைத்துப் பார்த்தால் எண்ணோடு மாதமும் வருஷமும் அடித்திருப்பது தெரியும். வண்டியின் வருஷத்தோடு அது ஒத்துவந்தால் பேரம் பேசலாம்.

கடலூரில் உப்புக்காற்று தனிச் சத்ரு. ஏரியலுக்காக மட்கார்டில் போட்ட ஓட்டையின் விளிம்பில் பிரைமரும் ரப்பர் வாஷரும் இல்லையென்றால் துரு அங்கிருந்துதான் புறப்படும். குரோம் பூச்சும் அப்படியே. அடியில் செம்பும் நிக்கலும் ஏறாமல் நேரே குரோம் போட்ட பம்பர் முதுநகரில் ஒரு மழைக்காலம் தாங்காது.

"வின்டேஜ்" என்ற பெயருக்கும் கணக்கு உண்டு: 2021 ஜூலையில் மத்திய அரசு விதி திருத்தியது. முதல் பதிவிலிருந்து 50 வருஷம் கடந்து, அடிச்சட்டம், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் இல்லாத வண்டிக்கே வின்டேஜ் பதிவு. அந்தப் பதிவு வாங்கிய வண்டியை வாடகைக்கு ஓட்ட முடியாது என்பதையும் கல்யாணக் கார்க்காரர்கள் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். கடலூரிலோ சிதம்பரத்திலோ வீட்டுப் பரணில் அப்பாவின், தாத்தாவின் கார் ரேடியோ கிடந்தால் காயலான் கடைக்குப் போட வேண்டாம். திருகு இல்லை, முள் உடைந்திருக்கிறது என்றாலும் பரவாயில்லை. அது எந்த வண்டியில், எந்த வருஷம் இருந்தது என்று ஒரு சீட்டில் எழுதி உள்ளே வைத்துவிடுங்கள்.