புகைப்படம் எடுக்கத் தடை
(குடியரசு தினத்தன்று நம் வளாகக் கூட்ட அரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)



பத்து நிமிடம்தான் என்று செயலாளர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். வங்கி கவுண்டரில் முப்பது வருடத்துக்கு மேல் உட்கார்ந்தவன் நான். வரிசையில் நிற்பவர்களின் முகம் பார்த்தே சுருக்கத் தெரியும்.

சற்று முன் கொடியேற்றினோம். சுதந்திரம் கிடைத்தபோது செங்கோட்டையில் கொடி ஏறியது எந்தத் தேதியில்? ஆகஸ்ட் 15 என்றுதான் நானும் நினைத்திருந்தேன். 15-ஆம் தேதி ஏற்றியது இந்தியா கேட் பக்கத்தில். செங்கோட்டையில் நேரு கொடி ஏற்றியது 1947 ஆகஸ்ட் 16-ஆம் தேதி. அன்று அங்கே படம் எடுத்தவர்களில் ஒருவர் புடவை கட்டிய பெண்மணி. முப்பத்து மூன்று வயது. பெயர் ஹோமாய் வியாரவாலா. இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர். இன்று நான் பேச வந்தது அவரைப் பற்றித்தான்.

1913 டிசம்பர் 9-ஆம் தேதி குஜராத்தின் நவ்சாரியில் ஒரு பார்சி குடும்பத்தில் பிறந்தவர். அப்பா நாடகக் கம்பெனி நடிகர், ஊர் ஊராகப் போகிறவர். ஹோமாய் பம்பாயில் ஜே. ஜே. ஓவியக் கல்லூரியில் படித்தார். கேமராவைக் கற்றுக்கொடுத்தவர் பிற்பாடு கணவரான மானெக்‌ஷா. இந்த மானெக்‌ஷா டைம்ஸ் ஆஃப் இந்தியாவில் கணக்காளர், கூடவே புகைப்படமும் எடுப்பார். காமர்ஸ் படித்த எனக்கு இதில் ஒரு தனி சந்தோஷம்!

முதலில் பம்பாய் கிரானிக்கிளில் படங்கள் வெளிவந்தன. ஒரு படத்துக்கு ஒரு ரூபாய். ஆரம்ப காலத்தில் பல படங்கள் கணவர் பெயரில்தான் அச்சாயின. ஒரு பெண்ணின் பெயரைப் போட்டால் யார் மதிப்பார்கள் என்ற நிலைமை. பிறகு ‘டால்டா 13’ என்று ஒரு புனைபெயர் வைத்துக்கொண்டார். சமையல் எண்ணெய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பிறந்த வருடம் 1913, மானெக்‌ஷாவை முதலில் சந்தித்தது 13 வயதில், அவருடைய காரின் நம்பர் டி.எல்.டி. 13. அவ்வளவுதான்.

1942-ல் இருவரும் டெல்லிக்குப் போனார்கள். பிரிட்டிஷ் தகவல் அலுவலகத்தில் வேலை. வெளிப் பத்திரிகைகளுக்கும் படம் எடுத்துக் கொடுத்தார். டெல்லித் தெருக்களில் புடவையோடு சைக்கிளில் போவாராம், பின்னால் கேமரா. அந்தக் கேமராக்களைப் பற்றி இங்கே இருக்கும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். ‘ஸ்பீட் கிராஃபிக்’ என்று ஒன்று, ஒரு சின்ன டிரங்குப் பெட்டி மாதிரி இருக்கும். ஃபிலிம் சுருள் கிடையாது, தனித்தனித் தகடுகள். ஒரு சட்டத்தில் முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று, ஆக இரண்டு படம். எடுத்ததும் சட்டத்தைத் திருப்பிப் போட வேண்டும். ஃப்ளாஷ் பல்ப் ஒரு தடவை எரிந்தால் தீர்ந்தது, சுடச்சுடக் கழற்றிவிட்டு அடுத்ததை மாட்ட வேண்டும். இன்னொன்று ‘ரோலிஃப்ளெக்ஸ்’. அதில் ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படம்.

நேற்று என் பேரன் தன் பிறந்தநாள் கேக்கை மட்டும் நாற்பது படம் எடுத்தான். அவனைக் குறை சொல்லவில்லை. இரண்டே தகடு கையில் இருப்பவர் எப்படிக் காத்திருப்பார் என்று யோசித்துப் பார்த்தேன். கல்லாவில் நோட்டு குறைவாக இருக்கும் நாளில் ஒவ்வொரு செக்கையும் நான் இரண்டு தரம் பார்ப்பேன், அந்த மாதிரி இருந்திருக்கும்.

அப்படிக் காத்திருந்து எடுத்த படங்களைத்தான் நாம் பாடப் புத்தகங்களிலும் பத்திரிகைகளிலும் பார்த்து வளர்ந்தோம். பிரிவினைத் திட்டத்தை ஏற்றுக் காங்கிரஸ் தலைவர்கள் கை தூக்கிய கூட்டம். மவுண்ட்பேட்டன் விடைபெற்றது. காந்தியின் இறுதி ஊர்வலம். நேரு புறாவைப் பறக்கவிடுவது. விமானத்துக்குள் வெள்ளைக்காரப் பெண்மணி ஒருவரின் சிகரெட்டுக்கு நேரு நெருப்பு கொடுப்பது. 1956-ல் லைஃப் பத்திரிகைக்காகச் சிக்கிம் வரை பயணம் போனார். தலாய் லாமா நாதுலா கணவாய் வழியாக முதன்முதலாக இந்தியப் பக்கம் வந்ததைப் படம் பிடிக்க. அந்தக் காலத்து மலைப்பாதை, கேமராப் பெட்டிகள், தனியாக ஒரு பெண். நாம் ஏற்காடு போவதற்கே எத்தனை வாட்ஸ்அப் செய்தி போடுகிறோம்!

எனக்கு மிகவும் பிடித்தது பாலம் விமான நிலையப் படம். தங்கை விஜயலட்சுமி பண்டிட்டின் விமானத்துக்காக நேரு காத்து நிற்கிறார். அவர் பக்கத்திலேயே ஒரு பலகை: ‘புகைப்படம் எடுக்கத் தடை’. அதையும் சேர்த்து எடுத்திருக்கிறார் அம்மையார். நம் வளாகத்தில் ‘இங்கே வண்டி நிறுத்தாதீர்’ பலகைக்குக் கீழே யார் வண்டி நிற்கிறது என்று இப்போது சொல்ல மாட்டேன்.

அவர் எடுக்காமல் போன படமும் ஒன்று உண்டு. 1948 ஜனவரி 30. பிர்லா மாளிகையில் காந்தியின் மாலைப் பிரார்த்தனையைப் படம் பிடிக்கக் கிளம்பிவிட்டார். நாளைக்கு இரண்டு பேரும் சேர்ந்தே போகலாமே என்று கணவர் திரும்ப அழைக்க, திரும்பிவிட்டார். அன்றுதான் அது நடந்தது. வயதான பிறகும் பேட்டிகளில் அந்த வருத்தத்தைச் சொல்லியிருக்கிறார்.

1969-ல் கணவர் காலமானார். அடுத்த வருடம் ஹோமாய் கேமராவை வைத்துவிட்டார். புதிதாக வந்த படக்காரர்களின் தள்ளுமுள்ளும் நடத்தையும் அவருக்குப் பிடிக்கவில்லை. அதற்குப் பிறகு நாற்பது வருடத்துக்கு மேல் வாழ்ந்தும் தொழிலுக்குத் திரும்பவில்லை. ரிடையர் ஆன மறுமாதமே வேலை செய்த கிளைக்குப் போய், என் பழைய நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்தவன் நான். எப்படி முடிந்தது அவரால் என்று இன்னும் புரியவில்லை. பிலானியில் ஆசிரியராக இருந்த மகனுடன் கொஞ்ச காலம், பிறகு வடோதரா. 1989-ல் மகனும் போய்விட்டார். தனியாகவே இருந்தார். தோட்டம், தச்சு வேலை, குழாய் ரிப்பேர் எல்லாம் தானே செய்துகொள்வார். (நம் மெயின்டெனன்ஸ் கமிட்டி கவனிக்கவும்.)

அந்தத் தெருவில் நடந்து போனவர்களில் எத்தனை பேருக்கு அவர் யாரென்று தெரிந்திருக்கும்? சபீனா காதியோக் என்ற பேராசிரியை தேடிப்போய்ப் பேசிப் பேசி 2006-ல் ஒரு புத்தகம் கொண்டுவந்தார். 2010-ல் டெல்லி தேசிய நவீனக் கலைக்கூடத்தில் கண்காட்சி. 2011-ல் பத்ம விபூஷண். 2012 ஜனவரி 15-ஆம் தேதி, 98 வயதில் காலமானார். நெகடிவ்களும் படங்களும் டெல்லியில் அல்காசி அறக்கட்டளையிடம் பத்திரமாக இருக்கின்றன.

நெகடிவ் என்றதும் என் கதை ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

தொண்ணூறுகளில் ஒரு நாள் எங்கள் கிளைக்குக் கிராமத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். கணவர் இறந்து பதினைந்து நாள். பணத்துக்காக வரவில்லை. கணக்கு ஆரம்பித்த படிவத்தில் அவர் போட்டோ ஒட்டியிருக்கிறதே, அதைத் தர முடியுமா என்று கேட்டார். வீட்டில் வேறு படமே இல்லையாம். படிவத்திலிருந்து எதையும் பிய்க்கக் கூடாது என்பது விதி. மேனேஜர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, எதிர் ஸ்டுடியோக்காரரையே கேமராவுடன் வரச் சொன்னார். ஸ்டாம்ப் அளவுப் படம், மேலே பாதி ரப்பர் ஸ்டாம்ப் மை. அதைத்தான் பெரிதாக்கிக் கொண்டுபோனார் அந்த அம்மா.

இவ்வளவையும் பார்த்த நான் என்ன செய்தேன்? சொந்த வீட்டை விற்று இந்த ஃபிளாட்டுக்கு வரும்போது, ஒரு பிஸ்கட் டின் நிறைய இருந்த நெகடிவ்களைப் பழைய பேப்பர்க்காரரிடம் போட்டுவிட்டேன். அவர் எடை கூடப் போடவில்லை. நாலு வருடம் கழித்து அம்மா காலமானார். ஆல்பத்தில் இருந்த நல்ல படம் பிளாஸ்டிக் தாளோடு ஒட்டிப் பூஞ்சை பிடித்திருந்தது. ஸ்டுடியோக்காரர், “நெகடிவ் இருக்கா சார்?” என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. கடைசியில் ஒரு கல்யாண குரூப் போட்டோவிலிருந்து அம்மாவை மட்டும் வெட்டி எடுத்தோம். எங்கள் ஹாலில் மாட்டியிருக்கும் படத்தில் அம்மாவின் தோளுக்குப் பக்கத்தில் அத்தையின் புடவைக் கரை தெரியும். வந்தவர்கள் யாரும் கேட்டதில்லை. எனக்கு மட்டும் அங்கேதான் கண் போகும்.

செயலாளரிடம் அனுமதி வாங்கிவிட்டேன். வரும் இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் காலை பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை சங்க அறையில் இருப்பேன். பேரனின் ஸ்கேனர் இருக்கும். பழைய படங்கள், நெகடிவ்கள் எதுவானாலும் கொண்டுவாருங்கள். காசு கிடையாது. பிளாஸ்டிக் ஆல்பத்தில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்காதீர்கள், ஆல்பத்தோடு எடுத்து வாருங்கள். படத்துக்குப் பின்னால் பேனாவால் எழுத வேண்டாம், மை முன்பக்கம் ஊறிவிடும். மெல்லிய பென்சிலால், அழுத்தாமல், ஓரமாக எழுதுங்கள். யார், எந்த ஊர், எந்த வருடம். எடுத்தவர் யார் என்று தெரிந்தால் அதையும்.

பொங்கல் ஆறுவதற்குள் முடித்துவிட்டேன் என்று நினைக்கிறேன்.