நீலகேசி என்று பெயரிடலாமா?



தமிழ்ச் சமண இல்லங்களில் பத்மாவதியும் தர்மதேவியும் உண்டு, நீலகேசி அரிது. 'நீலிக்கண்ணீர்' என்னும் வழக்கே காரணம். பழையனூர் நீலியின் கதையால் அப்பெயரில் வஞ்சகம் படிந்துவிட்டது.

சமணக் காப்பியமோ அந்நீலியை வேறாகக் கண்டது. முனிச்சந்திரரின் தவத்தைக் குலைக்க வந்தவள், அவர்பால் அறங்கேட்டுத் தெளிந்தாள். பின்னர் நாடெங்கும் சென்று குண்டலகேசி முதலானோரை வாதில் வென்றாள். பேயைத் தருக்க வல்லாளாக உயர்த்திய துணிவு அந்நூலுக்கே உரியது. அதனை வாமன முனிவர் உரையுடன் 1936இல் அச்சேற்றியவர் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி. நீலகேசி என்பதற்குக் கருங்கூந்தலாள் என்பதே பொருள். இதில் இழுக்கு யாது?

சர்வநந்தி கி.பி. 458இல் லோகவிபாகம் இயற்றிய பாடலிபுரம், கடலூரின் திருப்பாதிரிப்புலியூரே என்பர். கல்வியால் பெயர்பெற்ற இம்மண்ணில், வாதில் வென்றவளின் பெயருக்கு நாணவேண்டுவதில்லை.

ஆயினும், பள்ளியில் 'நீலி' என்று கேலி செய்வரே என்னும் தாயின் அச்சம் பொருளற்றதன்று. வெளியில் முழுப்பெயரே வழங்கட்டும். வீட்டில் சுருக்கி அழைக்க 'நீலா' போதும். பெயரிடும் பாட்டியார் கதையையும் உடன் சொல்லிவைத்தல் வேண்டும். கேலிக்கு விடைகூற வேண்டியவள் அக்குழந்தையன்றோ!