நம் ஊர் ஆறும் நம் வகுப்பறையும்

(பொங்கலூரில் நடைபெற்ற குறுவள மையக் கூட்டத்தில் சமூக அறிவியல் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



எட்டாம் வகுப்பில் ஒருநாள், "நம்ம ஊருக்குப் பக்கத்தில் ஓடுற ஆறு எது?" என்று கேட்டேன். கங்கை, நைல் என்று மளமளவெனச் சொல்லிக்கொண்டிருந்த பிள்ளைகள் அமைதியாகிவிட்டார்கள். ஒரு மாணவன் மட்டும், "நொய்யல் இருக்குங்க டீச்சர். ஆனா அது சாக்கடைங்க" என்றான்.

உடனே சாயக்கழிவைப் பற்றி விளக்கினேன். சாயப்பட்டறைகள்தாம் ஆற்றைக் கெடுத்தன என்று பாடத்தை முடித்தேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவி எழுந்து, "எங்கப்பா சாயப்பட்டறைக்குத்தானுங்க டீச்சர் வேலைக்குப் போறாரு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். அன்று முழுவதும் அவள் பேசவே இல்லை. நான் சொன்னது பொய்யில்லை. ஆனால் பாதிதான் சொல்லியிருந்தேன்.

அடுத்த வகுப்பில் மலையிலிருந்து தொடங்கினேன். வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் நொய்யல், கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களைக் கடந்து, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்ற ஊருக்கருகே காவிரியில் சேர்கிறது. வழியில் உக்கடம், சிங்காநல்லூர், சூலூர்க் குளங்களுக்கு நீர் தருகிறது. மழை குறைந்த இந்த நிலத்தில், வெள்ளத்தைக் குளத்தில் தேக்கிக் கிணறுகளில் ஊறவைத்த ஏற்பாடு அது.

பொங்கலூர்ப் பக்கத்து வாய்க்காலில் வரும் பி.ஏ.பி. தண்ணீர் நொய்யல் தண்ணீர் அல்ல. ஆனைமலையிலிருந்து அரபிக்கடலுக்குப் போகவேண்டிய நீரைக் கிழக்கே திருப்பிக் கொண்டுவருகிறோம். நம் பிள்ளைகளுக்கு நொய்யல் அந்நியமானதற்கு இதுவும் ஒரு காரணம்.

பிறகு ஒரு சோதனை செய்தோம். இரண்டு கிண்ணங்களில் மண்ணிட்டுப் பச்சைப்பயறு விதைத்தோம். ஒன்றுக்கு நல்ல தண்ணீர், மற்றொன்றுக்கு உப்புத் தண்ணீர். நான்கு நாளில் ஒன்று முளைத்தது. மற்றொன்றில் மண்ணின் மேல் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. வெயில் தண்ணீரைத்தான் கொண்டுபோகும், உப்பை விட்டுவிடும் என்பதைப் பிள்ளைகளே சொன்னார்கள்.

"சாயத்துக்கும் உப்புக்கும் என்ன சம்பந்தம்?" என்ற கேள்வியை அந்த மாணவியிடம் கொடுத்து, அப்பாவிடம் கேட்டு வரச் சொன்னேன். மறுநாள் அவள் கரும்பலகை அருகே நின்று பேசினாள். பருத்தித் துணியில் சாயம் ஏற உப்புப் போடுகிறார்கள். சாயத்தின் பெரும்பகுதி துணியோடு போகும். உப்பு தண்ணீரிலேயே நிற்கும். இப்போது ஆர்.ஓ. இயந்திரத்தில் வடித்து, மீதியைக் காய்ச்சி, தண்ணீரையும் உப்பையும் மறுபடி பயன்படுத்துகிறார்கள். இத்தனையும் அப்பா சொன்னது.

அதற்குப் பிறகே வரலாற்றைச் சொன்னேன். பாசனத்துக்காக 1992இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியது. அந்தத் தண்ணீர் வேண்டாம் என்று விவசாயிகளே நீதிமன்றம் போனார்கள். கழிவுநீரைத் துளியும் வெளியேற்றாத நிலையை எட்டும்வரை சாயப்பட்டறைகளை மூட 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. வயல் இழந்தவர்களும் உண்டு, வேலை இழந்தவர்களும் உண்டு. இரு வீட்டுப் பிள்ளைகளும் நம் வகுப்பில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அன்று ஒரு மாணவன் கேட்டான்: "அப்ப, பனியன் விலையில இந்தத் தண்ணியச் சுத்தம் பண்ற காசும் சேரணும் இல்லீங்களா டீச்சர்?" பொருளியல் பாடம் எடுத்திருந்தாலும் அந்தக் கேள்வி எனக்குத் தோன்றியிருக்காது.

நண்பர்களே, ஒரே ஒரு வேண்டுகோள். மழை பெய்யும் நாளில் பிள்ளைகளை வெளியே அழைத்து வாருங்கள். நம் பள்ளி மைதானத்துத் தண்ணீர் எந்தப் பள்ளத்தில் இறங்குகிறது, அந்தப் பள்ளம் எங்கே போகிறது என்று பார்த்து வரைபடம் போடச் சொல்லுங்கள். வழியில் யார் யார் வீடும் தோட்டமும் பட்டறையும் இருக்கின்றன என்று குறிக்கச் சொல்லுங்கள். கங்கையைப் பிறகு நடத்திக்கொள்ளலாம்.