கையில் வேறு வேலை இல்லாமல்

எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் அசோக் லேலண்ட், என்ஃபீல்டு போன்ற ஆலைகள் வந்த காலத்திலிருந்தே, கையில் இருக்கும் வேலையை விடுகிறவனை அவசரக்காரன் என்றுதான் வீடு சொல்லும். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. இரண்டு ஷிஃப்ட் சேர்த்துப் பார்க்கச் சொல்லும் இடத்தில் நின்றுகொண்டு வேறு வேலைக்கு நேர்காணல் போவது எப்படி? விடுவதில் தவறில்லை; எந்தத் தேதியில், எந்த முறையில் விடுகிறோம் என்பதில்தான் நஷ்டம் இருக்கிறது.

நிரந்தரத் தொழிலாளிக்குப் பணிக்கொடை கிடைக்க ஐந்தாண்டுப் பணி வேண்டும் என்கிறது சட்டம். ஐந்தாம் ஆண்டில் 240 நாள் வேலை பார்த்திருந்தாலே போதும் என்று மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 13,000 ரூபாய் என்றால், அதை 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்க, ஓர் ஆண்டுக்கு 7,500. ஐந்தாண்டுக்கு 37,500 ரூபாய். வேலை தேடும் மாதங்களில் வாடகைக்கும் அரிசிக்கும் ஆகிற பணம் அது. அந்த 240 நாள் முடிய இரண்டு மாதம் இருக்கையில் கோபத்தில் கிளம்பினால் அத்தனையும் போகும். இ.எஸ்.ஐ. தரும் வேலையிழப்பு உதவியும் தானாக ராஜினாமா செய்தவருக்குக் கிடையாது.

உடம்பு தாங்காதபோது நாள் எண்ணச் சொல்வதா என்று கேட்கலாம். உயிருக்கு ஆபத்தான இடமென்றால் இன்றே வெளியே வாருங்கள். மற்றவர்கள், சொல்லாமல் வேலையை விட்டு நின்றுவிடாதீர்கள். ராஜினாமாவை எழுதிக்கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கி வையுங்கள்.