ஏறி இறங்கும் உறைநிலம்

களிமண்ணில் வீடு கட்ட வருபவரிடம் கொத்தனார் முதலில் பேசுவது கடைக்காலைப் பற்றித்தான். மழையில் உப்பி, கோடையில் சுருங்கி வெடிக்கும் மண் அது. கடைக்காலில் மணல் நிரப்பாமல் சுவர் எழுப்பினால் விரிசல் விழும். குத்தம்பாக்கம், திருமழிசை, பூந்தமல்லிப் பக்கத்தில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வடதுருவத்தை ஒட்டிய நிலமும் ஆண்டுதோறும் இப்படித்தான் ஏறி இறங்குகிறது. அங்கே அந்த வேலையைச் செய்வது பனிக்கட்டி.

இரண்டு ஆண்டுகளாவது தொடர்ந்து பூஜ்யம் டிகிரி செல்சியஸுக்கு மேல் போகாத மண்ணை நிரந்தர உறைநிலம் என்பார்கள். அலாஸ்கா, சைபீரியா, திபெத் பீடபூமியில் மட்டுமல்ல, நம் லடாக்கின் உயரங்களிலும் உண்டு. கோடையில் அதன் மேலடுக்கு இளகும். குளிர்காலத்தில் மீண்டும் இறுகும். உறையும் தண்ணீர் சுமார் 9 சதவீதம் பருப்பதால் தரை உயர்கிறது, உருகும்போது தாழ்கிறது. அடியில் நெடுங்காலமாகக் கிடக்கும் பனிக்கட்டியும் கரையத் தொடங்கினால், தாழ்ந்த நிலம் பழைய மட்டத்துக்குத் திரும்பாது. 2006இல் திபெத் பீடபூமியில் திறந்த கோல்முட்–லாசா ரயில்பாதையில் சுமார் 550 கி.மீ. இத்தகைய மண்மேல்தான் கிடக்கிறது.

ஆளரவமற்ற அந்தப் பரப்பில் எத்தனை இடத்தில் அளவுகோல் நடுவது? அதனால்தான் ராடார்.

செயற்கைக்கோள் ஓர் அலையை அனுப்பி, திரும்பி வரும் அலை ஏற்றத்தில் இருக்கிறதா இறக்கத்தில் இருக்கிறதா என்று குறித்துக்கொள்கிறது. சில நாள் கழித்து அதே பாதையில் வந்து மறுபடியும் குறிக்கிறது. இடையில் தரை தாழ்ந்திருந்தால் அலைக்குக் கூடுதல் தூரம், குறிப்பு மாறியிருக்கும். ஐரோப்பாவின் சென்டினல்-1 அலையின் நீளம் சுமார் 5.6 செ.மீ. போக ஒரு தடவை, வர ஒரு தடவை என்பதால், செயற்கைக்கோளை நோக்கித் தரை 2.8 செ.மீ. நகர்ந்தாலே ஒரு முழுச் சுற்று மாறிவிடும்.

ஆனால் எதோடு ஒப்பிடுவது? நிலம் அளப்பவருக்கு அசையாத கல் ஒன்று வேண்டும். அலாஸ்காவின் வடசரிவை ஆராய்ந்த லின் லியு, டிங்ஜுன் ஜாங், ஜான் வார் மூவரும் ஆற்றோரச் சமவெளியைக் கல்லாக வைத்துக்கொண்டார்கள். அங்குள்ள சரளையில் நீர் வடிந்துவிடும். ஆகவே அது அவ்வளவாக உப்பாது. அவர்கள் ஆய்விலேயே அழகான இடம் இதுதான். 1992 முதல் 2000 வரையிலான ராடார் படங்களில், கோடைதோறும் 1 முதல் 4 செ.மீ. இறக்கமும், அதைத் தவிர, பத்தாண்டுக்கு 1 முதல் 4 செ.மீ. மீளாத தாழ்வும் தெரிந்தன.

இந்தியாவில் இந்த முறையைப் பலருக்கும் அறிமுகப்படுத்தியது இமயமலை ஊரான ஜோஷிமத். அது உறைநிலம் அல்ல. பழைய நிலச்சரிவுக் குவியல்மேல் அமர்ந்த ஊர் என்று 1976இலேயே மிஸ்ரா குழு எச்சரித்திருந்தது. 2022 டிசம்பர் 27க்கும் 2023 ஜனவரி 8க்கும் இடையே, பன்னிரண்டே நாளில் 5.4 செ.மீ. இறங்கியதை இஸ்ரோவின் ஐதராபாத் தேசியத் தொலையுணர்வு மையம் கணித்தது. அந்த அறிக்கை சில நாளில் பொதுப் பார்வையிலிருந்து எடுக்கப்பட்டது. அது தவறு. வீட்டைக் காலி செய்ய வேண்டியவருக்கே முதலில் போய்ச் சேர வேண்டிய கணக்கு அது.

2025 ஜூலை 30 மாலை 5.40க்கு, குத்தம்பாக்கத்துக்கு வடக்கே சுமார் 80 கி.மீ. தொலைவிலுள்ள ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நிசார் செயற்கைக்கோள் கிளம்பியது. நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து செய்தது, 12 மீட்டர் விட்டமுள்ள ஆன்டெனா, இரண்டு ராடார்கள். நாசாவுடையதன் அலைநீளம் 24 செ.மீ. என்பதால் செடிகொடிகளை ஊடுருவித் தரையைத் தொடும். பன்னிரண்டு நாளுக்கொரு முறை அதே இடத்துக்கு மேல் வரும் கண் இது. உறைநிலம் அதன் வேலைப் பட்டியலில் உண்டு. தரவு எல்லோருக்கும் இலவசம்.

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லிப் பக்கத்துப் பொறியியல் மாணவர்கள் அந்தப் படங்களை இறக்கிப் படிக்கப் பழக வேண்டும். லடாக்கில் தொடங்கலாம், சொந்த ஊர் ஏரிக்கரையிலும் தொடங்கலாம்.