கதவடைப்புக் காலத்தில் ஒரு நிதி மெச்



நிதி சேர்க்க மெச் வைப்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் ரொம்பத் தூரத்துக் கதை ஒன்றைச் சொல்லப் போறேன். கனடாவிலும் அமெரிக்காவிலும் நடந்தது. அங்கே ஹொக்கி என்றால் நம்ம மாத்தளைப் பிள்ளைங்க விளையாடுற ஹொக்கி இல்லீங்க. தண்ணியை உறைய வச்ச ஐஸ் தரை, காலில் கத்தி மாதிரித் தகடு வச்ச சப்பாத்து, பந்துக்குப் பதிலாக ஒரு ரப்பர் வட்டு. ஆளோடு ஆள் மோதுகிற முரட்டு விளையாட்டு.

அங்கே தேசிய ஹொக்கி லீக் என்று ஒன்று இருக்கு. 2012இல் அதில் 30 கழகங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு முதலாளி. வீரர்களுக்கு ஒரு சங்கம். நமக்கு முன்பு இருந்தது போலவே அவங்களுக்கும் கூட்டு ஒப்பந்தம் உண்டு. அது 2012 செப்டெம்பர் 15ஆம் திகதி முடிஞ்சது. பழைய ஒப்பந்தப்படி விளையாட்டில் வருகிற 100 டொலரில் 57 டொலர் வீரர்களுக்கு. அதைக் குறைக்கணும் என்றார்கள் முதலாளிமார். சங்கம் இணங்கவில்லை. அன்றைக்கே கதவு பூட்டியாச்சு.

இதை வேலைநிறுத்தம் என்று நினைச்சிடாதீங்க. வேலைநிறுத்தத்தில் தொழிலாளி போகமாட்டேன் என்கிறான். கதவடைப்பில் தொழிலாளி வேலைக்கு ஆயத்தமாக நிற்கிறான், முதலாளி உள்ளே விடமாட்டேன் என்கிறார். வீரர்களுக்குச் சம்பளமும் இல்லை, மைதானமும் இல்லை.

"அவங்க பணக்காரங்கதானே, அவங்க பாடு நமக்கென்ன?" என்று பின்னால யாரோ சொல்றது காதில விழுது. உண்மைதான். முந்தின பருவத்தில் ஆகக் குறைஞ்ச சம்பளம் வாங்கின வீரனுக்கே வருஷத்துக்கு 525,000 டொலர். அந்தப் பஞ்சத்தை நம்ம பஞ்சத்தோடு சேர்த்துப் பேச நான் வரல்ல. கதவு பூட்டின பிறகு அவங்க என்ன செய்தாங்க, அதைத்தான் சொல்ல வந்தேன்.

கியூபெக் மாகாணத்தில் மக்ஸீம் டல்போ, புருனோ ஜெர்வே என்று இரண்டு வீரர்கள் கூட்டாளிகளைச் சேர்த்துக்கிட்டு ஊர் ஊராகப் போய், நல்ல காரியங்களுக்காக ஆடினாங்க. பெரிய நகரத்து மெச்சுக்கு டிக்கட் வாங்க முடியாத சின்ன ஊர்ச் சனங்கள், தொலைக்காட்சியில் மட்டும் கண்ட முகங்களைப் பக்கத்தில் பார்த்தாங்க. சிக்காகோவுக்குப் பக்கத்தில் ஒக்டோபர் 19இல் ஒரு ஆட்டம். நோயாளிப் பிள்ளைகளின் பெற்றோர் ஆஸ்பத்திரிக்குக் கிட்டத் தங்குவதற்கு விடுதி நடத்துகிற அமைப்புக்காக அது. 11,000 பேருக்கு மேல் வந்தாங்க, 3 இலட்சம் டொலருக்கு மேல் சேர்ந்தது. இரண்டு பக்கமும் பத்துக்கு மேல் கோல்! ஏன் தெரியுமா? யாரும் யாரையும் மோதவில்லை. கதவடைப்புக் காலத்தில் அடிபட்டால் கழகம் பொறுப்பேற்காது. கால் முறிஞ்சால் பிழைப்பே போயிடும். அந்தப் பயத்தோடுதான் ஆடினாங்க.

அதே மாசம் 29ஆம் திகதி சண்டி என்ற புயல் நியூ ஜேர்சிக் கரையில் ஏறியது. (ஒக்டோபர் 29 என்றதும் நமக்கு 2014இல் கொஸ்லந்தை மீரியபெத்த மண்சரிவு ஞாபகம் வரும். அது இரண்டு வருஷத்துக்குப் பிறகு.) கடலோர ஊர்களில் வீடுகள் போச்சு, பல நாள் மின்சாரம் இல்லை. ஸ்கொட் ஹார்ட்னல், பிராட் ரிச்சர்ட்ஸ் என்ற இரண்டு வீரர்கள் முன்னின்று, நவம்பர் 24இல் அட்லாண்டிக் சிட்டியில் ஒரு மெச் வச்சாங்க. புயல் கரையேறின இடத்துக்குக் கிட்டத்தில்தான் அந்த நகரம். ஒருத்தர் பிலடெல்பியா கழகம், மற்றவர் நியூயோர்க் கழகம். அந்த இரண்டு ஊர் ரசிகர்களும் ஒருத்தரையொருத்தர் கண்டால் ஆகாது. அன்றைக்கு ஒரே மண்டபத்தில் 10,000 பேருக்கு மேல் உட்கார்ந்தாங்க. கோல் காக்க வந்தவங்க மார்ட்டின் புரோடரும் ஹென்ரிக் லண்ட்குவிஸ்டும்; கோல் காப்பில் அந்தக் காலத்துப் பெரிய பெயர்கள். சேர்ந்தது 5 இலட்சம் டொலருக்கு மேல். அது செஞ்சிலுவைக்கும், நியூயோர்க், நியூ ஜேர்சி மாநிலங்களின் புயல் நிவாரண நிதிகளுக்கும் போனது. காசு எங்கே போகுதென்று பேரோடு சொன்னாங்க. நம்ம கழகத்துப் பிள்ளைங்க இதைக் கவனிக்கணும். "நற்பணிக்காக" என்று மட்டும் டிக்கட்டில் அடிச்சால் சனங்களுக்குச் சந்தேகம் வரத்தான் செய்யும்.

இந்த ஆட்டங்களால் வீரர்களுக்கும் பலன் இருந்தது, மறைக்க வேண்டாம். ஆளுக்கொரு திசையில் சிதறி, பல பேர் ஐரோப்பாவுக்குப் போக இருந்த நேரத்தில், கூடிப் பழக ஒரு இடம் கிடைச்சது. காசாசைக்காரங்க என்ற பேச்சும் கொஞ்சம் அடங்கியது. ஆனால் பேச்சுவார்த்தையை இது ஒரு அங்குலமும் நகர்த்தவில்லை. மெச் வைத்து முதலாளியின் மனசை மாற்றலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க. 2013 ஜனவரி 6ஆம் திகதி விடியற்காலையில், நடுவர் ஒருத்தர் இடையில் நின்று, இராத்திரி முழுக்கப் பேசித்தான் முடிவு வந்தது. வருமானம் சரிபாதி. அதாவது சங்கம் 57இலிருந்து 50க்கு இறங்கியது.

எனக்கு மனசில் நிற்கிறது வேற ஒரு கணக்கு. அந்த மண்டபங்களில் டிக்கட் கிழிக்கிறவங்க, சாப்பாடு விற்கிறவங்க, வாகனம் நிறுத்துமிடத்தைப் பார்த்துக்கிறவங்க இருக்காங்களே, பெரும்பாலும் அன்றாடக் கூலிதான். ஆட்டம் இருந்தால் பேர் விழும், இல்லாவிட்டால் இல்லை. ஒரு கழகத்துக்குச் சொந்த மண்டபத்தில் 41 ஆட்டம் நடக்க வேண்டியது, அந்தப் பருவத்தில் 24 ஆகிப் போச்சு. 17 நாள் பேர் போச்சு என்று வச்சுக்குங்க. நான் சொன்ன அந்த இரண்டு பெரிய மெச்சிலும் சேர்ந்த காசு பிள்ளைகளுக்கும் புயலில் அடிபட்டவங்களுக்கும் போனது. நல்லதுதான், குறை சொல்லல்ல. ஆனால் இதே சண்டையில் சோறு இழந்தவங்களுக்கென்று ஒரு மெச் வச்சிருந்தால் இன்னும் நல்லா இருந்திருக்கும் என்பது என் அபிப்பிராயம். ஜனவரி 19இல் ஆட்டம் தொடங்கியது. இழந்த 17 ஆட்டமும் பிறகு நடக்கவே இல்லை.

நம்ம கழக மெச்சுக்கு யார் பேரை டிக்கட்டில் போடுறது என்று இன்னும் தீர்மானிக்கல்லையாம். செயலாளர் தம்பி இப்ப எழுந்து அதைப் பற்றிச் சொல்வார்.